மனவடுவுக்கு ஒரு செயலி: கொத்மலையில் முதலில் எதைச் சோதிக்க வேண்டும்?

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'தித்வா' சூறாவளி இலங்கையைக் கடந்து சென்றபோது மத்திய மலைநாட்டின் சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து விழுந்தன. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பேரிழப்பைச் சந்தித்தன. உடைந்த பாலத்தைத் திருத்தப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். மழை இரைச்சல் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடும் தாயின் மனத்தைத் திருத்த யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி ஒவ்வோர் அனர்த்தத்தின் பின்னரும் எழுகிறது. அதற்கு உலகெங்கும் இன்று தரப்படும் விடைகளுள் ஒன்று, கையடக்கத் தொலைபேசியில் இயங்கும் மனநலச் செயலி.

இத்தகைய செயலியை உருவாக்குவோர் முதலில் ஒரு மாதிரி வடிவத்தைச் செய்கிறார்கள். சில வேளைகளில் அது காகிதத்தில் வரைந்த சில படங்களாகவே இருக்கும். பின்னர் அதனைச் சிலரின் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள், எந்தச் சொல்லை வேறு பொருளில் விளங்கிக்கொள்கிறார்கள், எந்த இடத்தில் மனம் சலித்து மூடிவிடுகிறார்கள் என்று கவனிக்கிறார்கள். பயனர் பரிசோதனை என்று சொல்லப்படுவது இதுதான். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த வேலையில் வரலாற்றுக் கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. யாருடைய கையில் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்பதே அது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கொத்மலையைப் போலப் பொருத்தமான இடம் இலங்கையில் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

கொத்மலை ஓயா மகாவலியின் கிளையாறு. துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தின் கீழ் சுவீடன் நாட்டு உதவியுடன் இந்த ஆற்றின் குறுக்கே 1979இல் அணைக்கட்டு வேலை தொடங்கியது. 87 மீற்றர் உயரமான அணையும் 201 மெகாவற் மின் நிலையமும் 1985இல் நிறைவுற்றன. வயல்களும் விகாரைகளும் பழம்பெரும் கிராமங்களும் நீரில் மூழ்கின. ஏறத்தாழ 3000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவர்களில் பெரும்பாலோர் சிங்களக் கிராமத்தவர். ஒரு பகுதியினர் உலர் வலயத்தின் மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். மலையை விட்டுப் போக விரும்பாதோருக்கு அயலிலுள்ள தேயிலைத் தோட்டங்களின் காணிகள் துண்டு துண்டாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அந்தத் தேயிலையைத் தலைமுறை தலைமுறையாகப் பறித்து வந்த தமிழ்த் தொழிலாளருக்கு அது பிறிதொரு இழப்பாயிற்று. ஓர் அணை இரு சமூகத்தாரையும் வேரோடு அசைத்தது. ஆனால் இழந்தோர் பட்டியலில் இடம்பெற்றது ஒரு சமூகத்தின் இழப்பு மாத்திரமே.

இடம்பெயர்ந்தவர்களின் மனத்தை அரசு முற்றாக மறந்துவிட்டது என்று சொல்வது நேர்மையாகாது. யுனெஸ்கோவும் டென்மார்க்கின் அபிவிருத்தி முகவரமும் துணை நிற்க, 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கப்பட்டது. புதிய மண்ணில் புதிய அயலவருடன் வாழத் தொடங்கிய குடியேறிகளின் கதைகளை, அவர்களின் வாசலுக்கே சென்று ஒலிப்பதிவு செய்து, அவர்களுக்கே ஒலிபரப்புவது அதன் வழிமுறையாக இருந்தது. அதன் தொடர்ச்சியாக 1989இல் கொத்மலை சமூக வானொலி உதயமாயிற்று. பிடுங்கி நடப்பட்ட மக்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லிக் கேட்பது அவர்களைத் தேற்றும் என்ற எண்ணம், இன்றைய மனவடுச் செயலிகளின் அடிப்படை எண்ணத்திலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

1990களின் இறுதியில் அதே வானொலி உலகக் கவனத்தைப் பெற்றது. யுனெஸ்கோவின் ஆதரவுடன் அங்கே இணையத் தொடர்பு நிறுவப்பட்டது. கிராமத்தவரிடம் கணினி கிடையாது. இணையத்தில் இருந்ததோ ஆங்கிலம். நேயர்கள் தபாலிலும் தொலைபேசியிலும் கேள்விகளை அனுப்பினார்கள். அறிவிப்பாளர் ஒலிபரப்பின் போதே இணையத்தில் தேடி, வைத்தியர் போன்ற துறை சார்ந்த ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, உள்ளூர் மொழியில் விளக்கினார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்கள் இணையத்தைப் பயன்படுத்த வசதி செய்யப்பட்டது. வானொலியையும் இணையத்தையும் இணைக்கும் முன்மாதிரியாக 'கொத்மலை மாதிரி' பல நாடுகளில் பேசப்பட்டது.

அந்த மாதிரியின் வலிமை கருவியில் இருக்கவில்லை. கேள்வி மக்களிடமிருந்து வந்தது. விடையை அறிமுகமான ஒரு குரல் சொன்னது. கருவி இல்லாதவரும் பயன் பெற முடிந்தது. அதன் குறையும் வெளிப்படையானது. நிலையத்தின் பிரதான மொழி சிங்களம். பூண்டுலோயாவிலும் றம்பொடையிலும் சுற்றியுள்ள லயன்களில் வாழ்ந்த தமிழருக்கு அந்த அலைவரிசை எட்டியது. 'அறிமுகமான குரல்' எட்டவில்லை. குறிப்பிட்ட ஒரு மக்களுக்காக மிகுந்த கரிசனையுடன் வடிவமைக்கப்பட்ட ஒன்று கூட, அதே மலையின் மறு சரிவில் வாழ்வோருக்குப் பொருந்தாமற் போகலாம் என்பது கொத்மலை தரும் முதற் பாடம்.

இனி மனவடுவை அளக்கும் கருவிகளின் கதைக்கு வருவோம். செயலிகள் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. அவை வினாக்கொத்துகளின் வாரிசுகள்.

அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில்தான் 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' என்பது முதன்முதலாகத் தனி நோயாக இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரின் துன்பமே அதற்கு முக்கிய தூண்டுதலாக அமைந்தது. 1992இல் ரிச்சர்ட் மொல்லிக்காவும் சகாக்களும் கம்போடிய, லாவோஸ், வியட்நாமிய அகதிகளுக்காக ஹாவர்ட் மனவடு வினாக்கொத்தை உருவாக்கினார்கள். அவுஸ்திரேலியாவில் தஞ்சம் கோரிய இலங்கைத் தமிழர் பற்றிய ஆய்வுகளிலும் அது பயன்பட்டது.

யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போருக்குள் இருந்துகொண்டே இந்தத் துன்பத்தைப் பதிவு செய்தார். 1998இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது நூல் தமிழ் மனங்களின் வடுக்களையே தலைப்பாகக் கொண்டிருந்தது. 2007இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அவர் 'கூட்டு மனவடு' என்ற கருத்தை வலியுறுத்தினார். தனி மனிதரின் நோய்க்குறிகளை மாத்திரம் எண்ணிக் கொண்டிருந்தால் குடும்பமும் கிராமமும் அறுந்து போயிருப்பது கண்ணில் படாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தபோது மனநல உதவி என்ற பெயரில் பலர் வந்திறங்கினார்கள். அவர்களில் மொழி தெரிந்தோர் சிலரே. வினாத்தாளுடன் முகாம் முகாமாகச் சென்றோரும் உண்டு. பாதிக்கப்பட்ட மக்களை ஆய்வுப் பொருளாக்கும் போக்கினைக் குறித்து அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அறநெறிக் கேள்விகளை எழுப்பினர். அனர்த்தம் நிகழ்ந்த கையோடு ஒருவரை உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்ல வைக்கும் முறையால் மனவடு நோய் தடுக்கப்படுவதாகச் சான்று இல்லை என்றும், சிலருக்கு அது தீங்காகலாம் என்றும் 2002இலேயே மருத்துவ மீளாய்வு ஒன்று தெரிவித்திருந்தது. எனவே கேள்வி கேட்பதும் ஒரு சிகிச்சையைப் போன்றதே. அளவு தவறினால் புண்படுத்தும். செயலி கேட்கும் கேள்விக்கும் இது பொருந்தும்.

இதே காலத்தில் நம்பிக்கை தரும் முயற்சிகளும் நிகழ்ந்தன. காயத்திரி பெர்னாண்டோ வெளிநாட்டு வினாக்கொத்தை மொழிபெயர்ப்பதை விடுத்து, இலங்கையரிடம் கதைகளைக் கேட்டு, அவர்கள் தங்கள் துன்பத்தை எந்தச் சொற்களில் சொல்கிறார்களோ அவற்றிலிருந்தே ஓர் அளவுகோலை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். வடகிழக்கில் போரையும் பேரலையையும் கண்ட 31 சிறுவரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான இன்னோர் ஆய்வு, வாழ்க்கைக் கதையைக் கோவையாகச் சொல்ல வைக்கும் சிகிச்சையையும், உள்ளூரில் பழக்கமான தியான, தளர்வுப் பயிற்சியையும் ஒப்பிட்டது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே இரண்டையும் வழங்கினர். ஆறு மாதங்களின் பின்னர் முதற் குழுவில் 81 வீதமானோரும் இரண்டாம் குழுவில் 71 வீதமானோரும் தேறியிருந்தனர். புள்ளிவிபர நோக்கில் இரண்டுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிறிய ஆய்வுதான். எனினும் மக்களிடம் ஏற்கெனவே உள்ளதை எளிதாகத் தள்ளிவிடக்கூடாது என்பதை அது உணர்த்துகிறது.

செயலிகளின் காலம் 2011இல் தொடங்கியதென்று கொள்ளலாம். அவ்வாண்டில் அமெரிக்காவின் முன்னாள் படையினர் நலத் திணைக்களமும் பாதுகாப்புத் திணைக்களமும் 'பி.டி.எஸ்.டி. கோச்' என்ற செயலியை இலவசமாக வெளியிட்டன. நோயைப் பற்றிய விளக்கம், தன்னைத் தானே அளந்து பார்க்கும் வினாக்கள், மூச்சுப் பயிற்சி போன்ற உத்திகள், உதவி தேடும் வழி ஆகிய நான்கு பகுதிகள் அதில் உண்டு. 2014இல் வெளியான அதன் தொடக்க மதிப்பீட்டில் பங்குபற்றியோர், ஏற்கெனவே சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த 45 முன்னாள் படையினர். அந்த மக்களுக்காகச் செய்து, அந்த மக்களிடமே சோதித்துப் பார்த்தார்கள். அதில் பிழையில்லை. அதனையே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதும் என்று ஒருவர் எண்ணினால் அங்கேதான் பிழை தொடங்குகிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் மனச்சோர்வுக்காக உருவாக்கிய 'படிப்படியாக' என்ற பொருள்படும் பெயர் கொண்ட திட்டம் இன்னும் கவனமான வழியைக் காட்டியது. லெபனானில் மக்களுடன் உரையாடல்கள் நடத்தி, சொற்களையும் படங்களையும் கதையையும் மாற்றியமைத்த பின்னரே, இடம்பெயர்ந்த 500க்கும் மேற்பட்ட சிரியர்களிடம் அது பரீட்சிக்கப்பட்டது. வாரந்தோறும் ஒரு பயிற்சி பெற்ற உதவியாளர் பயனருடன் தொடர்பு கொண்டார். 2022இல் வெளியான முடிவுகள் மனச்சோர்வு குறைந்ததைக் காட்டின. இடையில் விட்டுச் சென்றோரின் தொகையும் பெரிது. கருவி மாத்திரம் தனித்து நிற்கவில்லை, அதற்குப் பின்னால் ஒரு மனிதக் குரல் இருந்தது என்பதைக் கவனியுங்கள். கொத்மலை வானொலி கற்றுத் தந்ததும் இதையே.

இனி மலையகத்துக்குத் திரும்புவோம். இங்கு ஒரு மாதிரி வடிவத்தைச் சோதிக்க வருபவர் முதலில் மோதிக்கொள்வது லயன் சுவருடன். ஓர் அறையும் சிறு விறாந்தையும் கொண்ட காம்பராவில் மூன்று தலைமுறையினர் வாழலாம். தடுப்புச் சுவர் கூரையை எட்டாத பழைய லயன்களில் ஒரு வீட்டின் விசும்பல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். "அமைதியான ஓரிடத்தில் தனியாக அமருங்கள்" என்று செயலி சொன்னால் கொழுந்து பறிக்கும் பெண் எங்கே போய் அமர்வாள்? தொலைபேசி பல வீடுகளில் குடும்பத்துக்கு ஒன்று. பகலில் அது கணவனிடமோ கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகனிடமோ இருக்கும். இரவில் பிள்ளையின் பாடத்துக்கு வேண்டும். தன் அச்சத்தைப் பற்றி அவள் அழுத்திய விடையை யார் யார் பார்ப்பார்கள் என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல. வீட்டு வன்முறையே அவளது வடுவாக இருந்தால் அது உயிர்க் கேள்வி.

அடுத்தது மொழி. 'மனவடு', 'நெருக்கீடு', 'உளச்சமூக நலன்' ஆகியவை பல்கலைக்கழகங்களிலும் அறிக்கைகளிலும் பிறந்த சொற்கள். தோட்டத்தில் ஒருவர் "நெஞ்சு படபடங்குது", "கை கால் அசந்து போகுது", "மனசு சரியில்லை" என்பார். மண்சரிவைக் கண்ட பின் தூக்கத்தில் அலறும் பிள்ளைக்குப் 'பயந்த கோளாறு' என்று கோயிலுக்குக் கூட்டிச் சென்று திருநீறு போடுவார்கள். இவற்றை அறியாமை என்று ஒதுக்கும் கருவியிடம் மக்கள் உண்மையைச் சொல்லமாட்டார்கள். மாசி மாதத்துக் காமன்கூத்தில் மன்மதன் எரிந்த பின் ரதி புலம்பும்போது தோட்டமே அவளுடன் புலம்புகிறது. சாவீட்டு ஒப்பாரியில் இறந்தவரோடு சேர்த்துத் தன் வாழ்வின் பழைய இழப்புகளையும் பெண்கள் பாடித் தீர்க்கிறார்கள். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்ததன் அருமை இங்குதான் விளங்குகிறது. துயரைக் கூடியிருந்து சுமந்த ஒரு மக்களிடம், அதைத் தனியாகத் திரையுடன் பேசித் தீர்க்கும்படி கேட்பது பெரிய மாற்றம். அது முடியாதது என்று நான் சொல்லவில்லை. அதைச் சோதிக்காமல் நம்பக்கூடாது என்கிறேன்.

இவற்றையெல்லாம் விட ஆழமான தடை ஒன்று நோயின் பெயரிலேயே இருக்கிறது. 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட' என்கிறோம். நெருக்கீடு முடிந்துவிட்டது, ஆபத்து கடந்துவிட்டது, மனம் மாத்திரம் அதை அறியாமல் இன்னும் அஞ்சுகிறது என்பது அதன் உட்கிடை. செயலியின் மூச்சுப் பயிற்சியும் "இப்போது நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்ற ஆறுதல் வாசகமும் அந்த அனுமானத்தில் நிற்கின்றன. மலையகத் தமிழரின் வரலாற்றில் இந்தப் 'பின்னர்' எப்போது வந்தது?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயனில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்கும் உரியவராயினர். 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977 மே மாதத்தில் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தின்போது டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அதே ஆண்டிலும் 1981இலும் 1983இலும் இன வன்முறை மலையேறி வந்தது. நாடற்றோர் பிரச்சினையின் எச்சத்தைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

மண்சரிவின் கதையும் அதே. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயன்கள் மண்ணுள் புதைந்தன. அங்கு வாழ்ந்தோரை அகற்றும்படி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பதினொரு ஆண்டுகளின் பின் தித்வா. அபாயம் என்று குறிக்கப்பட்ட சரிவில் நிற்கும் லயனில் படுத்திருப்பவர் மழைக்கு அஞ்சுவது நோய்க்குறி அல்ல, புத்திசாலித்தனம். அவரிடம் "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்று ஒரு செயலி சொன்னால் அது பொய் சொல்கிறது. அந்த அச்சத்தை அது தணித்துவிட்டாலோ அதனிலும் மோசம். வெளியே ஓட வேண்டிய இரவில் அவர் கண் மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருக்கக் கூடும்.

இலங்கையின் அண்மைக்கால வரலாறு இதற்கு ஓர் ஒப்புமை தருகிறது. 1995இல் இந்நாட்டின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற அளவில், உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகளின் இறக்குமதியையும் விற்பனையையும் கட்டுப்படுத்தியதே அதற்குப் பெருங்காரணம் என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். மனத்துக்கு ஆலோசனை தேவைதான். ஆயினும் கைக்கெட்டும் தூரத்திலிருந்து ஆபத்தை அகற்றியது பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.

ஆகவே செயலி வேண்டாம் என்பது என் முடிவல்ல. தமிழ் பேசும் மனநல ஊழியர் அரிதாக உள்ள தோட்டப்புறத்தில், நள்ளிரவில் கையில் கிடைக்கும் ஒரு நல்ல கருவி சிலருக்குத் துணையாகும். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அறியாத ஒருவருக்கு அதை அறியத் தந்தாலே அது பயன்தான். ஆனால் கொத்மலையில் ஒரு மாதிரி வடிவத்தைச் சோதிக்க விரும்புவோர், அதனைப் பெரட்டுக்களத்திலிருந்து திரும்பும் பெண்ணிடமும், எழுத்தறியாத மூதாட்டியிடமும், சிங்களக் கிராமத்து அயலவரிடமும் ஒருசேரச் சோதிக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவும் பாதியில் நிறுத்தவும் அவர்களுக்கு உரிமை இருக்கட்டும். சோதனை முடிந்து ஆய்வாளர் மலையிறங்கிய பின்னரும் பேசுவதற்குத் தமிழ் தெரிந்த ஒரு மனிதர் இருக்கட்டும்.

முதற் சோதனையாக அந்த ஆறுதல் வாசகத்தையே எடுத்துக்கொள்ளட்டும். "இப்போது நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்பதை ஒரு லயன்வாசியிடம் வாசித்துக் காட்டி, இது உண்மையா என்று கேட்கட்டும். இல்லை என்று அவர் சொன்னால் திருத்த வேண்டியது திரையை அல்ல. அவருக்கு உறுதியான நிலத்தில் ஒரு வீடு வேண்டும். அந்த விடையை உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் பரிசோதகரின் கடமையே. செயலி அதன் பின்னர் வரலாம்.